ரத்தம் போகாத இடம்

பல்வலியில் அவதிப்பட்டவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஐஸ்கிரீம் பட்டால் சுள்ளென்றது. சில வாரம் கழித்துச் சூடான காபி பட்டாலும் வலித்தது. காபியை விழுங்கிய பிறகும் வலி பத்து நிமிடம் நின்றது. பிறகு ஒருநாள் இரவு, எதுவும் படாமலேயே, காதுவரை இழுத்துக்கொண்டு தெறித்தது. கிராம்பை வைத்துக் கடித்தார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார்கள், மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டார்கள். இரண்டு மூன்று இரவு தூக்கம் போயிற்று. அப்புறம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வலி இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை கேட்டுவிட்டது என்று நிம்மதி.

இதைக் கேட்டுப் பல் மருத்துவர் மட்டும் மகிழ்வதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ரூட் கெனால் செய்ய வேண்டும் என்கிறார். வலி நின்ற பல்லுக்கு என்ன வைத்தியம் என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. காசு பிடுங்கப் பார்க்கிறாரோ என்றும் தோன்றுகிறது. கூடவே இன்னொரு கேள்வி. உடம்பு முழுவதும் பரவிய டைபாய்டையே மாத்திரை குணப்படுத்துகிறது. ஒரு பல்லுக்குள், சோற்றுப் பருக்கை அளவுகூட இல்லாத இடத்தில், உட்கார்ந்திருக்கும் கிருமியை அதனால் ஏன் கொல்ல முடியவில்லை?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அது பல்லின் அமைப்பில் இருக்கிறது.

வெளியே தெரியும் வெண்மையான ஓடு எனாமல். மனித உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அதற்கு வலியும் தெரியாது, தேய்ந்தால் வளரவும் தெரியாது. அதற்கு உள்ளே டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். பார்வைக்குத் திடமாகத் தெரிந்தாலும், ஒரு சதுர மில்லிமீட்டரில் இருபதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம்வரை நுண்குழல்கள் அதை ஊடுருவிப் போகின்றன. ஒவ்வொன்றிலும் திரவம் நிரம்பியிருக்கிறது. இந்தக் குழல்கள் போய் முடியும் இடம் பல்லின் நடுவில் உள்ள சிறு அறை. அதில் இருப்பது பற்கூழ்: ரத்த நாளங்களும் நரம்புகளும் உயிரணுக்களும் சேர்ந்த மென்மையான சதை. அந்த அறை கீழே வேருக்குள் ஒடுங்கி ஓடும்போது அதற்குப் பெயர் வேர்க்கால்வாய். ரூட் கெனால் என்பது சிகிச்சையின் பெயர் அல்ல, எல்லோருடைய பல்லிலும் பிறவியிலேயே இருக்கும் இந்தக் கால்வாயின் பெயர். முன்பல்லில் பெரும்பாலும் ஒன்று, கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு.

பற்கூழுக்கு ரத்தம் வருவதும் போவதும் முக்கியமாக வேரின் நுனியில் இருக்கும் வேர்முனைத் துளை வழியாகத்தான். வளர்ந்தவர்களின் பல்லில் அதன் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு நடப்பது எல்லாம் இதன் விளைவுதான்.

முதலில் அந்தச் சுள்ளென்ற வலி. நரம்பு இழைகள் நுண்குழல்களுக்குள் கொஞ்ச தூரம்தான் நுழைகின்றன. டென்டினின் வெளிப்பகுதியில் நரம்பே இல்லை. ஆனாலும் அங்கே குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடிக்கிறோம். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ராம் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: குழலுக்குள் இருக்கும் திரவம் நகர்கிறது, அந்த நகர்வு உள்ளே இருக்கும் நரம்பை இழுக்கிறது. ஊகமாகச் சொன்னதல்ல இது. புண்ணில் பட்டால் எரிய வைக்கும் ரசாயனங்களைத் திறந்த டென்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள், வலி வரவில்லை. வெறும் உலர்ந்த உறிஞ்சுகாகிதத்தை வைத்தார்கள், வலித்தது. காகிதம் திரவத்தை வெளியே உறிஞ்சுகிறது. காற்று ஊதினாலும், அடர்ந்த சர்க்கரைக் கரைசலை வைத்தாலும், குளிர்ச்சி பட்டாலும் திரவம் வெளிநோக்கி நகர்கிறது. ஜிலேபி தின்றால் பல் கூசுவதும் ஐஸ் பட்டால் கூசுவதும் ஒரே காரணத்தால்தான் என்று அப்போது விளங்கியது.

இந்தக் கட்டத்தில் பற்கூழ் நன்றாகவே இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால் சொத்தையை உண்டாக்கிய பாக்டீரியாக்கள் நுண்குழல்கள் வழியே உள்ளே இறங்குகின்றன. உடம்பு வழக்கமாகச் செய்வதையே இங்கும் செய்கிறது: ரத்த நாளங்களை விரிக்கிறது, நீரைக் கசியவிடுகிறது, வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அழற்சி என்பது இதுதான். கன்னத்தில் அழற்சி வந்தால் கன்னம் வீங்கும். பற்கூழைச் சுற்றி நான்கு பக்கமும் டென்டின் சுவர். வீங்க இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு நசுங்குகிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடும். அதனால்தான் பல்வலி இரவு படுக்கையில் உயிரை வாங்குகிறது.

பற்கூழ் மொத்தமும் ஒரே நேரத்தில் வீங்கி, வேர்முனைத் துளையில் தன் ரத்த நாளத்தைத் தானே நெரித்துக்கொண்டு செத்துப்போகிறது என்று முன்பு பாடம் நடத்தினார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது, ஆனால் சரியில்லை. விலங்குகளின் பற்கூழில் நுண்ணிய குழாய்களைச் செருகி அழுத்தத்தை அளந்தபோது, சொத்தைக்கு அருகில் மட்டும் அழுத்தம் எகிறியிருந்தது; ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் வழக்கமான அளவுதான். ஆக, பற்கூழ் ஒரேயடியாகச் சாவதில்லை. மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. ஒரே பல்லின் ஒரு வேரில் உயிர் இருக்க இன்னொரு வேரில் இல்லாமல் போவது இதனால்தான். வலிக்கும் பல்லில் ஒரு கால்வாய் செத்தும் இன்னொன்று துடித்துக்கொண்டும் இருப்பதைப் பல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் தடுமாறுவதும் உண்டு. மேலே என்று நினைப்போம், கீழே இருக்கும். பற்கூழில் உள்ள நரம்புகள் வலியை நன்றாகச் சொல்லும், இடத்தைச் சரியாகச் சொல்லாது. இடம் சொல்லும் உணர்விகள் வேரைச் சுற்றி எலும்போடு பிணைத்திருக்கும் பல்லிணைநாரில் இருக்கின்றன. நோய் வேர்முனையைத் தாண்டி அந்த நாரைத் தொட்ட பிறகுதான், கடித்தால் இந்தப் பல்தான் என்று விரல் வைத்துக் காட்டுகிறோம். மருத்துவர் கருவியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பதும், குளிர்ந்த பஞ்சை ஒவ்வொன்றின்மேலும் வைத்து எவ்வளவு நேரம் கூசுகிறது என்று கேட்பதும் இந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான். கூச்சம் நொடியில் அடங்கினால் பற்கூழ் பிழைக்கும். நீடித்தால் பிழைப்பது கடினம். கூச்சமே இல்லையென்றால் பெரும்பாலும் செத்துவிட்டது என்று பொருள்.

வலி நின்றுபோன அந்தக் காலைக்கு இப்போது வருவோம். நின்றது நோய் அல்ல, அதைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு. பற்கூழ் முழுவதும் செத்துவிட்டதால் சொல்ல ஆளில்லை. கிருமிகள் அப்படியே இருக்கின்றன, இன்னும் சௌகரியமாக. செத்த பற்கூழில் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் இல்லையென்றால் வெள்ளை அணுக்கள் வர வழியில்லை, ஆக்சிஜனும் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கொழிக்கும் பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. தெருவில் மாநகராட்சிக் குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும், இணைப்பு துண்டிக்கப்பட்ட வீட்டுக் குழாயில் சொட்டுகூட விழாது. மாத்திரையின் அளவைக் கூட்டினால் தெருவில் ஓடும் தண்ணீர்தான் கூடும்.

அப்படியானால் மருத்துவர்களே சில சமயம் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களே? கிருமிகள் வேர்முனை வழியாக வெளியே எலும்புக்குள், கன்னத்துச் சதைக்குள் பரவிவிட்டால், அங்கே ரத்தம் இருக்கிறது, மருந்தும் போகும். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது அது தேவை. ஆனால் அது வெளியே வந்தவற்றைத்தான் அடக்கும். கிளம்பிய இடம் அப்படியே இருப்பதால் மாத்திரை தீர்ந்த சில வாரத்தில் மறுபடி வரும். காய்ச்சலும் வீக்கமும் இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண் என்றுதான் சொல்வேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: கீழ்த்தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கி, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமானால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் இருபுறமும் பரவி மூச்சுவழியை அடைக்கும் லுட்விக் ஆஞ்சைனா என்ற நிலையாக அது இருக்கலாம். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமலே விட்டுவிட்டோம். பல்லைக் கெடுப்பது கிருமிதான் என்று எப்படித் தெரியும்? செத்த சதை அழுகுவதாலேயே வேர்முனையில் சீழ் கட்டலாமே? பாக்டீரியா வெறும் விருந்தாளியாக இருக்கலாமே? உலகின் பல மூலைகளில் நெடுங்காலம் பல்லுக்குள் புழு இருப்பதாகவே நம்பினார்கள். நாமும் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்கிறோம். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லபி மில்லர் 1890-களில் நோயுற்ற பற்கூழில் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் காட்டினார். ஆனால் ஒரு இடத்தில் இருப்பது வேறு, அங்கே நடந்ததற்குக் காரணமாக இருப்பது வேறு. அதைப் பிரித்துக் காட்ட மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

காட்டியவர்கள் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும். ஆண்டு 1965. பிறந்ததிலிருந்தே கிருமி நீக்கிய கூண்டுகளில், கிருமி நீக்கிய தீனி மட்டும் தின்று வளர்ந்த எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் உடம்பில் ஒரு பாக்டீரியாகூட இல்லை. இன்னொரு கூட்டம் சாதாரண எலிகள். இரண்டு கூட்டத்திலும் கடைவாய்ப் பல்லில் துளை போட்டுப் பற்கூழைத் திறந்து, மூடாமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் சில நாட்களில் அழுகத் தொடங்கியது, பிறகு முற்றாகச் செத்தது, வேர்முனையில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளுக்கு? தீனித் துகள்களும் முடியும் அந்தத் துளைக்குள் போய் அடைந்தும் பற்கூழ் சாகவில்லை. இரண்டு வாரத்தில் புதிய டென்டின் உருவாகத் தொடங்கி, நான்கு வாரத்தில் துளையின்மேல் பாலம் கட்டி முடித்துவிட்டது. சிகிச்சை என்று எதுவுமே செய்யவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். பல் மருத்துவ வரலாற்றில் இதைவிடச் சுத்தமான சோதனை வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 1976-ல் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் யோரான் சுன்ட்க்விஸ்ட் அதையும் பார்த்தார். அடிபட்டதால் பற்கூழ் செத்த, ஆனால் சொத்தையோ வெளிப்படையான உடைசலோ இல்லாத 32 பற்கள். எல்லாவற்றிலும் செத்த சதை இருக்கிறது. எக்ஸ்ரேயில் 19 பற்களின் வேர்முனையில் எலும்பு கரைந்திருந்தது. அவற்றில் 18-ல் பாக்டீரியா வளர்ந்தது. எலும்பு கரையாத 13 பற்களில் ஒன்றிலும் வளரவில்லை. செத்த சதை மட்டும் தொல்லை தருவதில்லை, கிருமி சேர்ந்தால்தான் தருகிறது என்று பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த பாக்டீரியாக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை. அதற்கு முன் பலருடைய சோதனைக் குழாய்களில் அவை வளராமல் போனதற்குக் காரணம், காற்றுப் படாமல் வளர்க்கும் நுட்பம் அப்போது கைகூடவில்லை என்பதுதான்.

ரூட் கெனாலின் நோக்கம் இதிலிருந்து தெளிவாகிறது. "நரம்பைக் கொன்றுவிடுவார்கள்" என்று பேசிக்கொள்கிறோம். நரம்பு ஏற்கெனவே செத்திருக்கிறது, அல்லது சாகப்போகிறது. மருந்தும் உடம்பும் எட்ட முடியாத ஒரு இடத்துக்குள் கையால் போய், கிருமியையும் அதற்குத் தீனியாகும் மிச்சத்தையும் எடுத்துவிட்டு, மறுபடி எதுவும் நுழையாமல் அடைப்பதுதான் வேலை.

முதலில் மரத்துப்போக ஊசி. துடித்துக்கொண்டிருக்கும் பல்லுக்கு, அதிலும் கீழ்க் கடைவாய்க்கு, ஊசி சரியாகப் பிடிக்காமல் போவது மருத்துவரின் கைக்குறை அல்ல. அழற்சி கண்ட இடம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே ஊசி மருந்தான லிக்னோகெய்னின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மின்னேற்றம் பெற்றுவிடுகின்றன, மின்னேற்றம் பெற்றது நரம்பின் சவ்வைத் தாண்டாது. அழற்சி நரம்பையும் வழக்கத்தைவிட எளிதில் தூண்டப்படுவதாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் கூடுதல் ஊசி, சில சமயம் பற்கூழுக்குள்ளேயே ஊசி. அடுத்து ரப்பர் திரை. 1864-ல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்தது. பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற வாயை மூடும் மெல்லிய ரப்பர் துணி. கிருமியை வெளியேற்றும் வேலையில் எச்சிலை உள்ளே விடுவது அர்த்தமற்றது. தவிர, கையில் பிடிக்கும் கருவிகள் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். நம் ஊரில் பல இடங்களில் இதைப் போடாமலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். போடுவீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

பல்லின் மேல் துளையிட்டுப் பற்கூழ் அறையைத் திறந்ததும் வரும் பெரிய கேள்வி, கால்வாய் எவ்வளவு நீளம் என்பது. குறைவாகப் போனால் கிருமி மிஞ்சும், அதிகம் போனால் வேரைத் தாண்டி எலும்பைக் குத்தும். 1895 கடைசியில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் பற்களைப் படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1899-ல் நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ் கால்வாய்க்குள் ஈயக் கம்பியைச் செருகி எக்ஸ்ரே எடுத்து நீளம் கண்டார். கதிர்வீச்சின் ஆபத்து தெரியாத காலம். கெல்ஸ் விரல்களை இழந்தார், பிறகு கையையும் இழந்தார். இன்று எக்ஸ்ரேயோடு ஒரு சிறு மின்கருவியும் சேர்ந்துகொண்டது. உதட்டில் ஒரு கொக்கி, கால்வாய்க்குள் போகும் நுண்ணரத்தில் ஒரு கம்பி. அரம் வேர்முனையைத் தொடும்போது இரண்டுக்கும் இடையிலான மின்தடை, எந்தப் பல்லானாலும் எந்த வயதானாலும், ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் என்று 1962-ல் ஜப்பானின் சுனாடா கண்டதுதான் இதற்கு அடிப்படை. கிளினிக்கில் பீப் பீப் என்று சத்தம் கேட்பது அதிலிருந்துதான்.

அரம் என்றால் நிஜமாகவே அரம். 1838-ல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கர் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து முதல் அரத்தைச் செய்ததாகச் சொல்வார்கள். இன்று மருத்துவர் முதலில் எடுக்கும் அரத்தின் நுனி 0.10 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. எஃகு அரம் வளைந்த கால்வாயில் நேராகப் போகப் பார்க்கும், சுவரைத் துளைத்துவிடும். 1980-களின் இறுதியில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகத்தில் அரங்கள் வந்தன. வளைத்தால் வளைந்து கொடுத்து, விட்டால் மறுபடி நிமிரும். வேலையின் நேரத்தைக் குறைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அரத்தால் மட்டும் ஆகாது. சூரிச் நகரின் வால்டர் ஹெஸ் 1917-ல் ஒரு காரியம் செய்தார். பிடுங்கிய ஆயிரக்கணக்கான பற்களின் கால்வாய்களில் ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்தி, பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டார். மிஞ்சியது கால்வாயின் ரப்பர் வார்ப்பு. அதைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி: நேரான குழாய் என்று நினைத்த இடத்தில் கிளைகள், குறுக்கு இணைப்புகள், ஓலைபோல் தட்டையான இடுக்குகள், நுனியில் ஆற்றுக் கழிமுகமாய்ப் பிரிந்த துளைகள். இப்போதைய நுண் சி.டி. ஸ்கேன்கள், எவ்வளவு நல்ல அரத்தைப் போட்டாலும் கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பகுதியை அது தொடுவதே இல்லை என்று காட்டுகின்றன. மிச்சத்தைச் செய்வது திரவம். முதல் உலகப்போரில் சிப்பாய்களின் சீழ்பிடித்த காயங்களைக் கழுவப் பயன்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது துணி வெளுக்கும் பிளீச்சின் சாரம். கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையே கரைத்துவிடும் என்பது அதன் சிறப்பு. வேரைத் தாண்டி வழிந்தால் உயிருள்ள சதையையும் கரைக்கும் என்பதால் மெதுவாகத்தான் செலுத்துவார்கள். அரம் கால்வாயைச் சுத்தம் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் திரவம் உள்ளே இறங்க வழி வெட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

ஒரே நாளில் முடியாவிட்டால் இடையில் வைக்கும் மருந்து நமக்கு மிகவும் பழக்கமானது: கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பும் வேதியியல்படி அதுதான். அதன் காரத்தன்மையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைப்பதில்லை. 1920-ல் ஜெர்மனியின் ஹெர்மன் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இதைப் படித்துவிட்டுத் தாம்பூலப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொத்தையில் அப்ப வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

கடைசியில் அடைக்கும் பொருள் குட்டா பெர்ச்சா. மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். நம் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த குடும்பம்தான் அந்த மரமும். வேதி அமைப்பில் ரப்பருக்கு உடன்பிறப்பு. மூலக்கூறு மடியும் விதம் மட்டும் மாறியிருப்பதால், ரப்பர்போல் இழுபடாமல், சூட்டில் இளகி ஆறினால் கெட்டியாகிறது. 1840-களில் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், கடலடித் தந்திக் கம்பிகளின் உறையாக உலகைச் சுற்றியது. 1870-ல் பம்பாயில் கரையேறிய கம்பிக்கும் அதுதான் உறை. 1867-ல் செயின்ட் லூயிஸின் போமன் அதைக் கால்வாயில் அடைத்தார். உப்புத் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்த பொருள் வேருக்குள்ளும் கெடவில்லை. அதன்பின் எத்தனையோ பிளாஸ்டிக்குகள் வந்தும் அதன் இடம் போகவில்லை. இன்றைய இளஞ்சிவப்புக் குச்சிகளில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரியப் பேரியம் உப்பும் உண்டு. குச்சிக்கும் சுவருக்கும் இடைவெளியை நிரப்பும் பசைகளில் பழையது, கிராம்பு எண்ணெயின் யூஜினாலோடு துத்தநாக ஆக்சைடைக் குழைத்தது.

செத்த பல்லை வாயில் வைத்திருந்தால் உடம்புக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இன்றும் சுற்றுகிறது. அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1910-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அழுகிய வேர்களின்மேல் கட்டிய தங்கப் பற்களே பல நோய்களுக்கு மூலம் என்று சாடினார். கிளீவ்லாந்தின் வெஸ்டன் பிரைஸ், நோயாளிகளின் பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்து, முயலுக்கும் அதே நோய் வந்தது என்றார். மூட்டுவலி, மனநோய் என்று எதற்கெடுத்தாலும் பற்களைக் கூட்டமாகப் பிடுங்கித் தள்ளினார்கள். பிரைஸின் சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்க்க முறையான ஏற்பாடு இல்லை. பிடுங்கும்போதே பல்லில் வாய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கொள்கையை ஆதரித்திருந்த ரஸ்ஸல் செசில் என்ற மருத்துவரே 1938-ல் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லைப் பிடுங்கியதால் பயனில்லை என்று எழுதினார். தவிர, பற்கூழ் போனாலும் பல் செத்த பொருளாகிவிடுவதில்லை. வேரைப் பிடித்திருக்கும் பல்லிணைநாருக்கு ரத்தம் எலும்பிலிருந்தும் ஈறிலிருந்தும் தனியாக வருகிறது. அதனால்தான் சிகிச்சை முடிந்த பல்லாலும் மென்மையையும் கடினத்தையும் பிரித்துக் கடிக்க முடிகிறது. மேல்பல்லைத் தொட்டால் கண் பார்வை போகும் என்ற பயமும் இதே ரகம். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

எத்தனை சிட்டிங் என்று பேரம் பேசுவது நம் வழக்கம். ஒரே நாளில் முடிப்பதற்கும் பல நாளில் முடிப்பதற்கும் ஆறுவதில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அதைவிடப் பேச வேண்டியது பல்லின்மேல் போடும் உறையான கேப். ரூட் கெனால் செய்த பல் காய்ந்து நொறுங்கும் என்பார்கள். 1989-ல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் பற்களை அழுத்தி அளந்து பார்த்தபோது, ரூட் கெனாலுக்காகப் போட்ட துளையால் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. சொத்தைக்காக முன்னும் பின்னும் பக்கச் சுவர்களை வெட்டி எடுத்தபோது 63 சதவீதம் குறைந்தது. பல்லைப் பலவீனமாக்கியது சிகிச்சை அல்ல, அதற்கு முன்பே தின்றுவிட்ட சொத்தை. அப்படிப்பட்ட கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால், ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது வேர்வரை நெடுக்காகப் பிளக்கும். பிளந்த பல்லுக்கு வைத்தியம் பிடுங்குவதுதான்.

வேலை சரியாக நடந்ததா என்பதை வலியை வைத்துத் தீர்மானிக்க முடியாது, எலும்பை வைத்துத்தான். வேர்முனையில் கரைந்திருந்த இடம் எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும். கிருமி போய்விட்டால் உடம்பு அந்தப் பள்ளத்தை மறுபடி எலும்பால் நிரப்பும், கருப்பு வெளுக்கும். அதற்கு மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஆண்டுகள். ஓராண்டு கழித்து ஒரு படம், முழுவதும் ஆறாவிட்டால் நான்கு ஆண்டுவரை கண்காணிப்பு என்பது ஐரோப்பியப் பல் மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும் பத்தில் எட்டு ஒன்பது பற்கள் ஆறிவிடுகின்றன. ஆறாதவற்றில் பலவற்றுக்குக் காரணம் கண்ணில் படாமல் தப்பிய ஒரு கால்வாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நான்காவதாக ஒன்று ஒளிந்திருக்கும். மறுபடி திறந்து அதைத் தேடிச் சுத்தம் செய்யலாம், அல்லது ஈறைக் கீறி வேரின் நுனியை வெட்டி எடுத்துப் பின்பக்கமிருந்து அடைக்கலாம். அப்படி அடைக்க இப்போது பயன்படும் சாம்பல் நிறப் பசை 1990-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் அடிப்படைச் சரக்கு, வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்ட்.